ரெனாட்டேயும் இரண்டு ராகுகாலங்களும்

திங்கட்கிழமை மாலை ஏழு மணி, சிட்னி சென்ட்ரல் ரயில் நிலையம். ஒரு ஜெர்மன் பெண்ணைக் கண்டுபிடித்து மெல்பர்னுக்குப் பத்திரமாகக் கூட்டி வரவேண்டும் என்பது நண்பன் சிவநேசனின் கட்டளை. எழுபதுகளின் நடுவே ஒரு ஜனவரி அது. கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்று என்னைப் பயிற்சிக்காக சிட்னிக்கு அனுப்பியிருந்தது. கிடைத்த ஒரு வார விடுமுறையில் சிவநேசனைப் பார்க்கக் கிளம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரன், சென்னையில் என்னோடு பொறியியல் படித்தவன், அப்போது மனைவி பவானியோடு மெல்பர்னின் நோபல் பார்க் பகுதியில் இருந்தான்.

ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல வழக்கம். டென்னிஸ் போட்டிக்கு வரும் இளம் ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலேயே தங்கவைக்கிறார்கள். போட்டிக் குழுவில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு முடிப்பதற்குள் பவானி சரி என்றுவிட்டாளாம்.

ரெனாட்டேயைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. நான்கு மட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடைமேடையில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக நின்றாள். வயது பத்தொன்பது. பத்திரமாகக் கூட்டிப் போக வந்த என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் பெட்டியையும் அவளே தூக்கிக்கொண்டாள்.

சிட்னியிலிருந்து மெல்பர்ன் ஏறத்தாழ தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் சம அளவில் நொண்டியதால் பேச்சு சுலபமாக நடந்தது. ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா அங்குள்ள சேமிப்பு வங்கியில் காசாளர்; அதிகம் பேசமாட்டார். "ஒரு வருடம் ஆடிப் பார். சரிவராவிட்டால் வங்கியில் உனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்" என்றாராம். அந்த ஒரு வருடம் இந்த மெல்பர்ன் போட்டியோடு முடிகிறது. தகுதிச் சுற்றுகளைத் தாண்டி முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டமாவது வென்றால்தான் அப்பாவிடம் இன்னொரு வருடம் கேட்க வாய் வரும்.

"சிட்னியில் எப்படி?" என்றேன்.

"முதல் நாளே தோற்றேன். உங்கள் ஊரில் புல்லில் என்ன செய்வீர்கள்?"

"மாடு மேய்ப்போம்."

"அதுதான் சரி" என்றாள். செம்மண் தரையில் ஆடிப் பழகியவள். புல்தரையில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பது அவள் குறை.

செவ்வாய்க்கிழமை காலை மெல்பர்னில் இறங்கினோம். சிவநேசனின் பழைய ஹோல்டன் கார் முக்கால் மணி நேரத்தில் நோபல் பார்க் சேர்த்தது. பவானி அரிசிமா கிடைக்காத குறையை வறுத்த கோதுமை மாவில் தீர்த்து, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். ரெனாட்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். அன்று பிற்பகல் தகுதிச் சுற்றில் வென்றதற்கு அந்தப் புட்டே காரணம் என்று பவானி தெருவெல்லாம் சொன்னாள்.

புதன்கிழமை கடைசித் தகுதிச் சுற்றில் தோற்றுப்போனாள். மூன்றாவது செட்டில் வெற்றி கையெட்டும் தூரத்துக்கு வந்து நழுவியது. விலகுகிறவர்கள் இருந்தால் கூப்பிடும் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதுதான். "ஆஸ்திரேலியர்கள் கால் ஒடிந்தாலும் ஆடுவார்கள். யாரும் விலகமாட்டார்கள்" என்று அதையும் ஒதுக்கிவிட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு மூட்டை முடிச்சோடு வாசலுக்கு வந்தாள். விமானம் இரவு ஒன்பதுக்குத்தான். ஆனாலும் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. விமான நிலையத்தில் போய் இருக்கிறேன் என்றாள். பவானி கதவை மறித்து நின்றாள்.

"ராகுகாலத்திலை வெளிக்கிடுறதோ? வியாழன் ஒண்டரையிலையிருந்து மூண்டு மட்டும் ராகுகாலம். நான் விடமாட்டன்."

ரெனாட்டே என்னைப் பார்த்தாள். பொறியாளனாயிற்றே, சும்மா இருப்பேனா?

"ஏம்மா, அது நம்ம ஊருக் கணக்கு. பகல எட்டாப் பங்கு போட்டு ஆறாவது பங்குதான் வியாழக்கிழமைக்கு. இங்க பொழுது விழறதே எட்டே முக்காலுக்கு. அப்படிப் பாத்தா ராகுகாலம் மூணேகாலுக்குத்தான் தொடங்குது. இப்பத் தாராளமாப் போலாம்."

பவானி யோசித்தாள். "மூண்டேகாலிலை தொடங்கினா எப்ப முடியும், அண்ணை?"

"அஞ்சு மணிக்கு."

"அப்ப இதுவும் ராகுகாலம், அதுவும் ராகுகாலம். அஞ்சு மணி கழிய வெளிக்கிடலாம். பிள்ளை, வந்து கதிரையிலை இரு."

இரண்டுக்கும் நடுவே கால் மணி நேரம் சும்மா கிடந்தது. அதைப் பாயசம் போட்டு அடைத்துவிட்டாள்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கமாட்டியோ, மச்சான்?" என்று சிவநேசன் என் காதில் கடிந்துகொண்டான்.

நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் மைதானத்திலிருந்து பேசினார். ஓர் ஆட்டக்காரிக்குப் பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டது. ரெனாட்டே ஐந்தரை மணிக்குள் கூயோங் மைதானத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் அந்த இடம் அவளுக்கு; வராவிட்டால் அடுத்த பெயருக்கு. வழியோ இருபது கிலோமீட்டருக்கு மேல்; அலுவலகம் விடும் நேரம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேர முடியாது.

மூன்று பேரும் பவானியைப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? அது அண்ணையின்ரை கணக்கு. என்ரை பஞ்சாங்கத்திலை ராகுகாலம் மூண்டு மணிக்கே முடிஞ்சுது. காரை எடுங்கோ!"

ஐந்தேகாலுக்கு ரெனாட்டே கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம். எதிரே ஆடியவள் உள்ளூர்க்காரி என்பதால் எங்கள் மூவரைத் தவிர மைதானமே அந்தப் பக்கம். முதல் செட் போயிற்று. பிறகுதான் ரெனாட்டே பந்து எழும்பும் என்று காத்திருப்பதை விட்டாள். முழங்காலை மடக்கி, வழுக்கி வரும் பந்தைத் தரையோடு தரையாக எடுத்து அடித்தாள். இரண்டாவது செட் அவளுக்கு. மூன்றாவதில் கடைசிப் பந்து எதிராளியின் மட்டையில் பட்டு வலையில் விழுந்தபோது, பவானி கையிலிருந்த குடையை உயர்த்தி ஆட்ட, பின்னால் இருந்தவர் தொப்பி பறந்தது. நான் அழுதேன் என்று சிவநேசன் சொல்கிறான். வெயிலில் கண் கூசியது என்பது என் கட்சி. சரி, அழுதேன்.

மாலை ஐந்து மணிக்கு, ஜெர்மனியில் காலை ஏழு மணி ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, சிவநேசன் வீட்டிலிருந்தே அப்பாவை அழைத்தாள். என்ன பேசினாள் என்று புரியவில்லை. படபடவென்று பேசியவள் திடீரென்று நிறுத்தினாள். பிறகு ஏதோ கேட்டாள். பிறகு ரிசீவரைப் பிடித்தபடி சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பிள்ளை, அப்பா மாட்டன் எண்டிட்டாரோ?" என்று பவானி பதறினாள். சிவநேசன் அதை ஆங்கிலத்தில் கேட்டான்.

ரெனாட்டே இல்லை என்று தலையசைத்தாள். சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்: "வங்கியில் அந்த இடமே இல்லையாம். நான் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிய மறுநாளே, என் மகள் வரமாட்டாள், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டாராம்."

"உன்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"அதையேதான் கேட்டேன். இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம்."

சனிக்கிழமை மாலை நான் சிட்னிக்கு ரயிலேறினேன். அடுத்த சுற்றில் அவள் தோற்றாள் என்று பிறகு சிவநேசன் எழுதினான். பரவாயில்லை. அடுத்த ஆண்டு பாரிஸில் மூன்றாவது சுற்று, அதற்கடுத்த ஆண்டு அங்கேயே கால் இறுதி என்று கோயம்புத்தூரில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அவள் பெயர் ஏறிக்கொண்டே போனது. கம்பெனியில் எல்லாரிடமும் காட்டினேன். என் பெட்டியைத் தூக்கிய பெண் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை ரயில் மெல்பர்னை விட்டு நகர்ந்தபோது எனக்கு அவள் ஆட்டத்தைவிட அவள் அப்பாதான் ஞாபகத்தில் இருந்தார். முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வராது. முதுகுக்குப் பின்னால் மகளுக்காக எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார். இப்படிப்பட்ட அப்பாக்கள் எங்கள் ஊரில் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.