வெறும் வயிற்றோடு தஞ்சாவூருக்கு

"கீழ்வேளூர்ல இம்ப்ளாண்ட் வைக்க யாரும்மா வருவா? ஒரு பக்கம் பல்லு போனா மறுபக்கம் மெல்லுவாங்க. உனக்கு எதுக்கு இந்த வேல?"

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கின் மூத்த டாக்டர் இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எதற்கு என்ற கேள்வி ஐந்தாம் வகுப்பிலிருந்தே எனக்குப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் விடுப்புக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டேன்.

தஞ்சாவூரில் நடக்கும் பயிற்சி அது, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். முதல் மூன்று வாரம் பாடமும், ஆட்டுத் தாடையில் துளையிடும் பழக்கமும். நான்காவது வாரம் உயிருள்ள மனிதரின் தாடையில் நாமே இம்ப்ளாண்ட் எனும் டைட்டானியம் வேரைப் பதிக்கலாம். ஆனால் நோயாளியை நாமே அழைத்து வர வேண்டும். கல்லூரியில் இந்தச் சிகிச்சையை அறுபது பேரோடு நின்று திரையில் பார்த்ததோடு சரி. அன்றிலிருந்து இந்த ஒன்றுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

நோயாளியாக வந்தவர் என் அத்தை வள்ளியம்மை. நடவு வேலைக்குப் போகிறவர். கீழ்க்கடைவாயில் ஒரு பல் போய் நாலு வருஷமாகிறது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. "எம் பல்ல வச்சுப் படிச்சுக்க பாப்பா" என்றார்.

நான்காவது ஞாயிறு, காலை 5.40. கீழ்வேளூரில் திருவாரூர் பஸ் ஏறினோம். பதின்மூன்று கிலோமீட்டர். அத்தை கண்டக்டரிடம், "பொம்பளைக்கு ஓசிதானே தம்பி?" என்றார்.

"அது டவுன் பஸ்சுக்கும்மா. இதுல ஏறிட்டீங்க, எறங்குறீங்களா?"

"இருட்டுல எறக்கிவிட்டு ஓட்டுவியா நீ? டிக்கெட்டக் கிழி."

6.30. திருவாரூர் பேருந்து நிலையத்தில் நான்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் போடுவார்கள், நன்றாகச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவர் கைகழுவப் போன நேரத்தில் கைப்பேசியில் அவருடைய தாடை எலும்பின் ஸ்கேனைத் திறந்தேன். நரம்புக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். அந்த இடத்தையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மேசையில் இட்லி இல்லை. அத்தை சர்க்கரை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

7.45. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இருபது நிமிடம். இந்த ஊரைக் கடந்தவர்களுக்கு இது புதிதில்லை. கடலை விற்பவர் ஜன்னல் ஜன்னலாக வந்தார். மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி, இருபுறமும் சம்பா நட்டு வேர் பிடித்திருந்தது. அத்தை எந்த வயலில் களை மண்டியிருக்கிறது, எவன் தண்ணீரை வடிக்காமல் விட்டிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாலியமங்கலத்துக்கு வந்தபோது பேச்சு நின்றுவிட்டது. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

9.10. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிச் சாலைக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் அப்பாவும் பல் டாக்டராக இருப்பவர்கள். அவர்களுக்கு நடுவே ரப்பர் செருப்போடு நின்ற அத்தையைக் காட்டி, "என் பேஷண்ட்" என்று சொன்னபோது எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது.

10.20. பச்சை அங்கி, கையுறை எல்லாம் போட்டு நின்றேன். அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தார். தாடையைத் தொட்டபோது சில்லென்றிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை ஐம்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

பயிற்றுநர் மேடம் நாற்காலியை நிமிர்த்தி, குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். அத்தை வாயை இறுக மூடிக்கொண்டார்.

"முடியுற வரைக்கும் பச்சத்தண்ணி கூட பல்லுல படாதுன்னு அம்மனுக்கு வேண்டியிருக்கேன். நீ நல்லபடியா செய்யணும்னுதான் பாப்பா."

அவர் பையைத் திறந்தேன். நான்கு இட்லியும் இலையோடு மடித்து இருந்தன. நான் சொன்னதில் மாத்திரையை மட்டும் கேட்டிருக்கிறார். மருந்து விரதத்தை முறிக்காது என்று நினைத்தாராம்; சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"செய்யப்போறவ நான் சொல்றேன், குடிங்க அத்தை. இல்லன்னா என் கை நடுங்கும்" என்றேன். குடித்தார்.

பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். "இன்னிக்கு முழுக்க சர்க்கரை ஏறி இறங்கும். வேண்டாம்மா." எங்கள் பயிற்சி அணிக்கு அதுதான் கடைசி ஞாயிறு.

என் நேரம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த டாக்டருக்குப் போனது. நான் அவருக்கு எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தேன். துளைக்கருவி எலும்பில் இறங்கும் சத்தம் மெல்ல மாறுவதைக் கேட்டேன். வேர் சுற்றிச் சுற்றி உள்ளே போய் உறுதியாக நின்றது. என் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில். அவர் நன்றாகச் செய்தார். நான் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன் என்று தோன்றியது.

மாலை 4.15. திரும்பும் பஸ். நோயாளிக்குத் தானே வேர் பதித்தார் என்று மற்றவர்களின் சான்றிதழில் இருந்த ஒரு வரி என்னுடையதில் இல்லை. அதை உறைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தேன். அத்தை ஆறிப்போன இட்லியை ஒரு பக்கத்துப் பல்லால் மென்றுகொண்டே, "என்னாலதானே கெட்டுது" என்றார்.

இல்லை என்று வாய்வரை வந்தது. அவர் எலும்பை எத்தனை முறை அளந்தேன், அவர் முகத்தை ஒரு முறை பார்த்திருக்கலாமே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டு பேராலயும்" என்றேன். வெண்ணாற்றுப் பாலத்தில் தண்ணீர் கலங்கலாக நிறைந்து ஓடியது. துளைக்கருவியைப் பிடிப்பது போல என் விரல்கள் உறையின் மேல் தாமாகவே வளைந்திருந்தன.

திங்கட்கிழமை காலை அடுத்த அணிக்கான படிவத்தை நிரப்பினேன். நோயாளி: வள்ளியம்மை, கீழ்வேளூர். சிறப்புக் குறிப்பு என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: "விரதம் இருக்கக்கூடும். காலை உணவை நானே ஊட்டி அழைத்து வருவேன்." பத்தரை மணிக்கு அனுப்பிவிட்டேன்.