பிள்ளையாருக்கு லைட் எரியவில்லை

பிரேக் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. நம் காரின் பிரேக் சத்தம் ஒன்று. முதுகுக்குப் பின்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி போடும் பிரேக் சத்தம் இன்னொன்று. இரண்டாவதைக் காதால் கேட்பதில்லை... முதுகெலும்பால் கேட்பது.

போன சனிக்கிழமை கேட்டேன். இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நோர்வூட்டில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு நானும் மகள் தர்ஷினியும் கொட்டகலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்டியரிங்கில் அவள். பக்கத்து சீட்டில் நான் – மடியில் தாம்பூலப் பை, காலடியில் ஒரு கற்பனை பிரேக். பிள்ளைகள் வண்டி ஓட்டப் பக்கத்தில் உட்காரும் பெற்றோர் எல்லோருக்கும் அந்தப் பிரேக் இருக்கிறது. மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலிக்குமே தவிர, வண்டி நிற்காது.

பின்னேரம். பனி இறங்கிவிட்டது. ஒரு வளைவு தாண்டியதும், கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கூட்டமாகப் பாதையைக் கடந்தார்கள். தர்ஷினி பதறவில்லை. அழகாக, மெதுவாக நிறுத்தினாள். ‘பரவாயில்லையே’ என்று நான் நினைத்து முடிக்கவில்லை –

பின்னால் அந்தச் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க லொறியின் மூக்கு. நடுவில் ஒரு சாக்கு நுழைந்திருக்குமா என்பது சந்தேகம்.

லொறிக்காரர் இறங்கி ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னா தங்கச்சி, நிக்கப்போறேன்னு பின்னால வர்றவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "புள்ள மெதுவாத்தான் நிப்பாட்டுனா! நீங்க எடவெளி விட்டு வந்திருக்கணும்!"

"எடவெளி விட்டு வந்ததாலதாங்க்கா இப்ப நின்னு பேசிக்கிட்டிருக்கோம். ஒங்க வண்டியில பிரேக் லைட் எரியல."

"பின்னால செவப்பா எரியுதே!"

"அது பனிக்குப் போட்ட பார்க் லைட்டு. பிரேக்க மிதிச்சா அதுக்கு மேல பளிச்சுன்னு எரியணும். தங்கச்சி, மிதிங்க... இல்ல. விட்டுட்டு மிதிங்க... ம்ஹூம். ஒண்ணுகூட இல்ல."

கூடையோடு நின்ற ஒரு பெண் காருக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இந்தா, முன்னால புள்ளையார் ஒக்காந்திருக்காருல்ல... அவருதான் காப்பாத்துனது."

அதைக் கேட்டதும் எனக்குப் பிள்ளையார் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

காரணம் சொல்கிறேன். எங்களுடையது ஜப்பானிலிருந்து வந்து, இங்கே பல கை மாறிய கார். முன்பு வைத்திருந்தவர் டாஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தார். பிள்ளையாரின் மடியில் ஒரு குட்டிச் சிவப்பு பல்பு. அது எப்போதும் எரியாது. விட்டு விட்டு மினுங்கும். அதுவும் வளைவு, இறக்கம், நாய் குறுக்கே ஓடும் இடம் என்று ஆபத்தான இடமாகப் பார்த்து மினுங்கும். ‘நம்மைப் பார்த்துக்கொள்கிறார்’ என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அந்தப் பிள்ளையார் ஒரு வாரமாக மினுங்கவே இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். மினுங்கவில்லை. அர்ச்சனை செய்தேன். மினுங்கவில்லை. ஏதோ நடக்கப் போகிறது என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டே இருந்தேன்... இதோ, லொறி வந்து நின்றுவிட்டது.

லொறிக்காரர் நல்ல மனிதர். திட்டி முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "நாலு சிக்னலையும் போட்டுக்கிட்டு பைய்ய போங்க. நான் பின்னாலயே வர்றேன். ஒங்க லைட்டு எரியாதுன்னு எனக்குத் தெரியும். வேற ஆளுக்குத் தெரியாதுல்ல?"

கொழுந்தோடு தேயிலை பெக்டரிக்குப் போக வேண்டியவர், அதற்குத் திரும்பும் சந்தியையும் தாண்டி, ஹட்டன் வரைக்கும் எங்கள் முதுகைக் காத்துக்கொண்டு வந்தார். பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஐயா, நீங்கள் இந்தப் பத்திரிகைப் பத்தியை வாசிப்பவராக இருந்தால் – அன்று கத்தியதற்கு மன்னிக்க வேண்டும்.

ஹட்டனில் கராஜ்கள் மூடிவிட்டன. பனி விலகியிருந்ததால் அப்படியே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் நான் செய்த முதல் வேலை – கார் சாவியை எடுத்து என் சுவெட்டர் பையில் போட்டுக்கொண்டது.

"இனி நீ பஸ்ஸுல போ."

தர்ஷினிக்குப் புது வேலை. தோட்டங்களில் அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் காப்பகங்கள் இருக்கின்றன அல்லவா, நாம் பிள்ளைக்காம்பரா என்போமே... அவற்றைப் போய்ப் பார்த்து, குழந்தைகளின் எடை, சாப்பாடு, விளையாட்டு எல்லாவற்றையும் கவனிக்கும் வேலை. பல தோட்டங்களுக்குப் பஸ் சந்தியோடு நின்றுவிடும். சொந்தமாக வண்டி ஓட்டுவாள் என்றுதான் அவளை எடுத்தார்கள். சாவியைப் பிடுங்குவதும் வேலையைப் பிடுங்குவதும் ஒன்றுதான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண்ணை மூடினால் லொறியின் மூக்கு தெரிகிறதே!

"திங்கக்கெழம மூணு தோட்டம் இருக்கும்மா. மலைய ஏறி எறங்குறதுக்குள்ள பொழுது போயிரும்."

"போனா போகட்டும்."

"ஏன்னு சொல்லுங்க."

"ஏன்னு என்னா கேள்வி? வேணான்னா வேணாம்."

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். "நீங்களும் நம்ம கார் மாதிரிதாம்மா. திடீர்னு நின்னுருவீங்க. பின்னால வர்றவங்களுக்கு ஏன்னே தெரியாது."

சுருக்கென்றது. குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஞாயிறு காலை முற்றத்தில் சத்தம். எட்டிப் பார்த்தால், தர்ஷினியின் கால்கள் மட்டும் காருக்கு வெளியே. தலை ஸ்டியரிங்குக்குக் கீழே. முன்தினம் பதற்றத்தில் கதவைப் பூட்ட மறந்திருக்கிறோம்.

"சாவி தரமாட்டேன்."

"சாவி வேணாம். பிரேக் லைட்டு சாவி இல்லாமலே எரியும். வந்து மிதிங்க. தனியா ஒரு ஆளால இத பாக்க முடியாது."

யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். காரில் இருக்கும் விளக்குகளில் ஓட்டுபவர் கண்ணில் படாத விளக்கு அது. மிதிப்பவருக்குத் தெரியாது. பார்ப்பவரால் மிதிக்க முடியாது.

ஆகவே, வாழ்க்கையில் முதல்முறையாக, நிஜமான பிரேக் ஒன்றை மிதித்தேன். பின்னாலிருந்து குரல்: "இல்ல. மூணும் இல்ல. மூணு பல்பும் ஒண்ணா சாகாதும்மா. அப்ப பியூஸ்தான்."

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டி. மூடியின் உட்பக்கம் முழுக்க ஜப்பானிய எழுத்து. நல்லவேளை, நடுவில் ஓரிடத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்டொப்’. நான் டோர்ச் அடிக்க, அவள் அந்த இடத்திலிருந்து விரல் நகமளவு சிவப்புப் பிளாஸ்டிக் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினாள். உள்ளே இருந்த மெல்லிய கம்பி அறுந்து, ஓரம் கருகியிருந்தது.

மூடிக்குள்ளேயே அதே சிவப்பில், அதே எண்ணோடு இன்னொரு பியூஸ் இருந்தது. போட்டாள். "மிதிங்க."

மிதித்தேன். ‘டிக்’ என்றது. அதுவும் போய்விட்டது.

"நான் பலமா மிதிச்சிட்டேனோ?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். முன்தினத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து என் வீட்டுக்காரர் போன் எடுத்தார். அங்கேதான் வேலை, மாதம் ஒருமுறை வருவார். விஷயத்தைக் கேட்டதும் உடனே வைத்தியம் சொன்னார்: "சிகரெட் பெட்டி வெள்ளித்தாள சுத்திப் போடு. நாங்க அந்தக் காலத்துல அப்படித்தான் ஓட்டுனோம்."

"அப்பா, வெள்ளித்தாள் போட்டா பியூஸ் எரியாது. அதுக்குப் பதிலா வயர் எரியும். அம்மாவும் நானும் சேந்து எரிவோம். பரவாயில்லையா?"

"...சரி, வச்சிர்றேன்."

தர்ஷினி சீட்டில் சாய்ந்தாள். "புது பியூஸும் போவுதுன்னா, பிரேக்க மிதிச்சா கரண்டு எங்கேயோ தப்பான எடத்துக்கு ஓடுது. எங்கன்னு கண்டுபுடிக்காம எத்தன போட்டாலும் வீண்தான்."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்: "எனக்குத் தெரியும் புள்ள. இந்தப் புள்ளையாரும் எரியல. போன கெழமையிலேர்ந்து நம்ம மேல கோவமா இருக்காரு."

"என்னா?"

"புள்ளையாரு பல்பு. வளைவுலயெல்லாம் மினுங்குமே. அதுவும் நின்னு போச்சு. தேங்காகூட ஒடச்சேன்."

தர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள். "வளைவுல மினுங்குமா? வேற எங்க?"

"எறக்கத்துல. நாய் ஓடுனா. நீ பிரேக்..."

நான் நிறுத்தினேன். அவள் பிள்ளையாரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

பிள்ளையாரின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய வயர் டாஷ்போர்டுக்குள் இறங்கியது. தர்ஷினி அதன் வழியே விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அது நேராகப் பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச் வயரோடு போய் முறுக்கிக் கிடந்தது. பழைய சொந்தக்காரர், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சாமி ஒளிர வேண்டும் என்று பக்தியாக இணைத்திருக்கிறார். போகும் வழியில் ஒரு இரும்பு விளிம்பில் உரசி உரசி, வயரின் தோல் உரிந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்டு ஓடிய தப்பான இடம் அதுதான்.

"அம்மா... அவரு கோவமால்லாம் இல்ல. பியூஸ் போச்சு, பியூஸ் போச்சுன்னு ஒரு கெழமையா சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. நீங்க தேங்கா ஒடச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க!"

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. சிரித்துக்கொண்டே நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்தினம் வராத அழுகை. அப்போதுதான் அவளிடம் சொன்னேன் – சாவியை எடுத்தது கோபத்தால் அல்ல, அந்த லொறியின் மூக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்று.

"எனக்கும்தாம்மா" என்றாள். "ராத்திரி தூங்கவே இல்ல. அதனாலதான் காலையிலேயே எறங்கிட்டேன்."

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும், ஒரே லொறியை நினைத்து இரண்டு பேர் விழித்திருக்கிறோம். ஒருவர் சொன்னால் மற்றவர் தூங்கியிருக்கலாம்!

அவள் பிள்ளையார் வயரைக் கழற்றி, திறந்து கிடந்த முனைகளில் டேப் சுற்றினாள். பிறகு பஜாருக்கு நடந்துபோய், ஸ்பெயார்ஸ் கடைக்கார நானாவிடம் ஒரு பை நிறைய அதே அளவு பியூஸ் வாங்கி வந்தாள். "என்ன மக, கச்சான் கடலை வாங்குற மாதிரி வாங்குறீங்க?" என்று கேட்டாராம்.

இம்முறை அவள் மிதித்தாள். நான் பின்னால் போய் நின்றேன்.

மறுபடியும் ‘டிக்’ என்று வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சிவப்பு. பளிச்சென்று. என் சீலையில்கூடச் சிவப்பு விழுந்தது. விட்டாள், அணைந்தது. மிதித்தாள், எரிந்தது. "எரியுது! எரியுது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். அது தனிக் கதை.

திங்கள் காலை. பியூஸ் தாங்கியிருந்தது. வேலை முடிந்து வரும்போது ஹட்டனில் எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை முழு வயரையும் காட்டுவதாகச் சொன்னாள். நான் சுவெட்டர் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். பயம் போய்விட்டதா? இல்லை. பயத்தோடுதான் கொடுத்தேன். அவளும் பயத்தோடுதான் வாங்கினாள். ஆனால் இப்போது இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அன்றிலிருந்து தினமும் காலையில், அவள் புறப்படுமுன் காரின் பின்னால் போய் நிற்கிறேன். "மிதி" என்கிறேன். சிவப்பைப் பார்த்த பிறகுதான் கை அசைக்கிறேன்.

பிள்ளையார் டாஷ்போர்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு லீவு... டியூட்டி எனக்கு!