ஜட்ஜின் சோப்புத் தீர்ப்பு

“எந்த பீரா இருந்தாலும் என் நாக்குல ஒரே ஒரு சொட்டு விடு. எந்தக் கம்பெனி, பீப்பாய் திறந்து எத்தனை நாளாச்சு, கிளாஸைக் கழுவினது யாரு, அது வரைக்கும் சொல்லிடுவேன்.”

இந்தப் பிரகடனம் வெளியானது ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவருடைய நாற்பத்தொன்பதாவது வயதில், இரண்டாவது கிளாஸ் பாதியில் இருக்கும்போது. மேஜையைச் சுற்றி இருந்த நாலு பேரும் கை தட்டினார்கள். அவர்களில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து நின்றே தட்டினார். அன்று முதல் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி.

பிழைப்பு என்னவோ லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக ஊரில் பாதிப்பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு சாபக்கேடு உண்டு. லிஃப்ட் ஓடுகிற வரைக்கும் மெக்கானிக் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால்தான் தெரியும், அதுவும் வசவோடு. வாரத்துக்கு ஆறு நாள் அடிக்குழியில் கிரீஸ் நெடியில் நின்று, மேலே இருந்து “என்னய்யா இன்னும் முடியலையா?” என்று கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதருக்கு, சனிக்கிழமை ஒரு மத்தியானம்தான் நாலு பேர் அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்கும் நேரம். அந்த வாய்க்காக அவர் சிகரெட்டை விட்டார். காரத்தைக் குறைத்தார். இவ்வளவு தியாகத்தை மனைவிக்காகக்கூடச் செய்ததில்லை என்று மனைவியே சொல்லியிருக்கிறாள்.

அப்படிக் காபந்து பண்ணிய வாயில், ஐம்பத்திரண்டாம் வயதில் மேல்வரிசைப் பல் நாலு ஆட்டம் கண்டு, கடைசியில் பல் டாக்டரின் தட்டில் போய் விழுந்தது. நண்பர்களுக்குக் கடுமையான காய்ச்சல் என்று தகவல் போனது. வெள்ளிக்கிழமை செயற்கைப் பல் வந்தது. அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் இளஞ்சிவப்புத் தகடு, அதன் முனையில் நாலு பல். விஷயம் தெரிந்தது மனைவிக்கு மட்டும். “வெளியில மூச்சு விட்டே, அவ்வளவுதான்” என்று அவளிடம் சத்தியமும் வாங்கியாயிற்று.

தகடு கொஞ்சம் இறுக்கம். மாட்டும்போது உரசியது. “ரெண்டு நாள்ல பழகிடும்” என்றார் டாக்டர். ஆனால் உரசுகிற இடத்தைச் சும்மா விட்டால் அவர் என்ன லிஃப்ட் மெக்கானிக்? லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளம் உரசினால் எண்ணெய் விடு, விட்ட எண்ணெயைத் துடைக்காதே என்பது அவர் தொழிலில் பால பாடம். வாய்க்குள் கிரீஸ் தடவ முடியாது என்கிற அளவுக்கு அறிவு வேலை செய்தது. அதற்கு மேல் செய்யவில்லை. பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் ஒரு சொட்டெடுத்துத் தகட்டின் உள்பக்கம் தடவினார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. துடைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த பப்பைச் சோதனை போடுவது என்று நண்பர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். நாற்பது ஊர்களில் கிளை உள்ள கம்பெனி. நாற்பதிலும் அதே பழுப்புச் சோபா, அதே பித்தளை விளக்கு, யாருடைய தாத்தா என்றே தெரியாத அதே மீசைக்காரர் படங்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரே நேரத்தில் ஆறு டிவியில் ஆறு விளையாட்டு. மேஜையில் முழங்கையை வைத்தால் எடுக்கும்போது சட்டை தனியாக வர மறுத்தது.

ஜட்ஜ் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். நிறம் பார்த்தார். நுரையை விரலால் அளந்தார். ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார். மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“சோப்பு” என்றார்.

“என்னது?”

“கிளாஸை அலசவே இல்ல. சோப்போட ஊத்திக் கொடுத்திருக்கான்.”

கண்ணாடிக் கடைக்காரர் தன் கிளாஸை மோந்து பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலையே ஜட்ஜையா.”

“உனக்கு எப்படித் தெரியும்? நுரையைப் பாரு. சோப்பு பட்டா நுரை நிக்காது.”

உண்மைதான். அவர் வாய் வைத்த பக்கத்தில் நுரை கண் எதிரே செத்து விழுந்தது. மற்ற நாலு கிளாஸிலும் நுரை தொப்பி வைத்துக்கொண்டு ஜம்மென்று நின்றது. தர்க்கம் தெரிந்த யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். ஜட்ஜோ, தனக்கு மட்டும் இப்படி ஒரு கிளாஸ் வந்து சேர்ந்ததில் விதியின் மரியாதையைக் கண்டார்.

அன்று சாயங்காலமே புகார் தயாரானது. லிஃப்ட் கம்பெனி பாணியில் குறை, காரணம், செய்ய வேண்டியது என்று மூன்று கட்டம் போட்டார். காரணம் என்ற கட்டத்தில், “கிளாஸ் கழுவும் ஊழியரின் அலட்சியம்” என்று எழுதி, மனைவிக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். தினம் வந்து குவிகிற புலம்பல்களுக்கு நடுவே இப்படிக் கட்டம் கட்டிய புகாரை அந்த அலுவலகம் பார்த்ததே இல்லை போல. அப்படியே நம்பிவிட்டார்கள்.

அடுத்து வந்த வாரம் முழுக்க ஜட்ஜுக்கு நீதிமன்றத்தில் விடுமுறையே இல்லை. காபியில் சோப்பு. சூப்பில் சோப்பு. பச்சைத் தண்ணீரில் சோப்பு. “பாத்திரத்தை அலசுறியா, இல்ல காட்டிட்டு வெச்சிடுறியா?” என்று மனைவியைக் கேட்டார். அவள் மூன்று தடவை அலச ஆரம்பித்தாள். ஊரில் யாருக்குமே கழுவத் தெரியவில்லை என்ற முடிவுக்கு அவர் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வந்தாள். கீழ்த் தெருவில் இருக்கிறாள். அண்ணன் முதுகெலும்பு தேய்ந்து வீட்டோடு ஆகிவிட்டதால், இரண்டு வருஷமாக அதே பப் கம்பெனியில் வேலை. வேறு கிளையில் இருப்பதாகத்தான் ஜட்ஜ் நினைத்துக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க அக்கா, டீ போடுறேன்” என்றாள் மனைவி.

“நீ உட்காரு. எனக்குக் கை சும்மா இருந்தா ஒரு மாதிரியா இருக்கு” என்று அண்ணியே அடுப்படிக்குள் போனாள். கப்புகளைக் கழுவிக்கொண்டே பேசினாள். “புதுக் கிளைக்கு மாத்தினாங்கன்னு சொல்லல? ஸ்டேஷன் எதிர்ல. போய் மூணாவது நாளே எழவு விழுந்துச்சு. எவனோ ஒரு மகராசன், கிளாஸ்ல சோப்புன்னு எழுதிப் போட்டுட்டான்.”

ஹாலில் செய்தித்தாள் ஒன்று மெல்ல உயர்ந்து ஜட்ஜின் முகத்தை மூடியது.

“மூணு சிவப்புப் புள்ளி வாங்கினா வெளிய அனுப்பிடுவாங்க. பஸ் வராம லேட்டானதுக்கு ஒண்ணு, ட்ரே வழுக்கினதுக்கு ஒண்ணு, ஏற்கெனவே ரெண்டு இருக்கு. இது மூணாவது. நாளைக்கு மீட்டிங். அது வரைக்கும் கிளாஸ் பக்கமே போகக் கூடாதாம், மேஜை மட்டும் துடைக்கணுமாம்.”

“நீங்க அலசலைன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றாங்க?” என்றாள் மனைவி. கேள்வி அண்ணிக்கு. பார்வை செய்தித்தாளுக்கு.

“கட்டம் கட்டி எழுதியிருக்கானாம். படிச்சவன் போல. அவன் நாக்குல சோப்பைத்தான் வெச்சுத் தேய்க்கணும்.”

டீ வந்தது. வாங்கிக் குடிப்பதைத் தவிர ஜட்ஜுக்கு வழி இருக்கவில்லை. குடித்தார். பழக்கதோஷம், முகம் தானாகச் சுளித்தது.

அண்ணி பார்த்துவிட்டாள். “என்ன தம்பி?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“சொல்லுங்க தம்பி. சோப்பு வாசனை வருதா?”

அவர் கப்பைக் கீழே வைத்தார். அண்ணி தன் கப்பை மோந்து பார்த்தாள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாலு தடவை அலசினேனே. அப்போ அவன் எழுதினது சரிதானா? என் கைதான் சரியில்லையோ என்னவோ” என்றாள். இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த குரலில் இப்போது திட்டு இல்லை.

ஜட்ஜ் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாய் கொப்பளிக்கலாம் என்று தகட்டைக் கழற்றினார். கை தன்பாட்டுக்கு, அடுப்படியிலிருந்து கொண்டுவந்து மேல்தட்டில் வைத்திருந்த சோப்பு பாட்டிலுக்குப் போயிற்று. தினமும் போகிற மாதிரி. பாதி வழியில் நின்றது. அவர் பாட்டிலைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து தகட்டை ஐந்து நிமிஷம் தேய்த்து அலசிவிட்டு, நாக்கை நீட்டி அதை நக்கிப் பார்த்தார். சோப்பு ருசி துளியும் இல்லை. கண்ணாடியில் தெரிந்த ஆளை மட்டும் பார்க்கவில்லை.

சோப்பு பாட்டிலும் கையுமாக அவர் வெளியே வந்தபோது அண்ணி வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். மனைவி பாட்டிலைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள்.

“நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?” என்றாள் மனைவி.

“தப்பா எழுதிட்டேன், வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு போன் பண்ணிட்டா…”

“வாபஸ் வாங்கினா அவங்க கை சுத்தம்னு ஆயிடுமா? பாவம்னு விட்டுட்டதா ஆயிடும். ஏங்க, நாலு பல்லைக் காப்பாத்த நாலு பேர் சாப்பாட்டுல கை வைக்காதீங்க.”

முப்பது வருஷ தாம்பத்தியத்தில் தனக்குத் தெரியாமல் இப்படியொரு மேல்கோர்ட்டு வீட்டிலேயே நடந்துவந்திருக்கிறது என்பதை ஜட்ஜ் அப்போதுதான் அறிந்தார். சட்டையை மாட்டினார்.

ஞாயிறு மத்தியானம். பப்பில் ஈ நுழைய இடமில்லை. மேனேஜரைத் தனி அறையில் சந்தித்து, கண்ணியமாக நாலு வார்த்தை பேசி முடிப்பதாக வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். அந்த மேனேஜரோ, ஆள் பற்றாக்குறையில் தானே கவுண்டரில் நின்று இரண்டு கையாலும் பீர் பிடித்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு வழக்கமான நாலு பேரும் கவுண்டரை ஒட்டிய மேஜையில் இருந்தார்கள். “வாங்க ஜட்ஜையா! கோர்ட்டு இன்னிக்கும் உண்டா?” என்று கையை ஆட்டினார் கண்ணாடிக் கடைக்காரர். இரண்டு மேஜை தள்ளி, துணியும் கையுமாக அண்ணி.

“தனியா பேசணும்” என்றார் ஜட்ஜ்.

“தலைக்கு மேல வேலை சார். இங்கேயே சொல்லுங்க.”

“நேத்தில்ல, அதுக்கு முந்தின சனிக்கிழமை சோப்புன்னு புகார் எழுதினது நான்தான். அது தப்பு. சோப்பு என் பல் செட்டுல இருந்துச்சு.”

“என்ன சார்? கேக்கலை.”

“பல் செட்டு.”

“எந்த செட்டு சார்? செட்டா எடுத்தா ஆறு கிளாஸ்.”

ஊருக்கே தெரியாமல் ஒளித்து வைத்திருந்த ரகசியத்தை ஜட்ஜ் மூன்றாவது முறை அடிவயிற்றில் இருந்து கத்தினார். “பல் செட்டு! என் வாயில இருக்கிற பொய்ப் பல்லு! அதுல நானே சோப்பு தடவியிருந்தேன்!”

கண்ணாடிக் கடைக்காரரின் கை, கிளாஸோடு பாதி வழியில் நின்றது. மேஜை துடைக்கிற துணியும் நின்றது. ஜட்ஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஆனால் நின்றது தெரிந்தது.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா? இரக்கப்பட்டு வந்திருக்கீங்களா?”

“சொந்தம்தான். ஆனா நான் சொன்னது நிஜம்.”

“மேலிடத்துல நான் என்னன்னு சொல்றது? ஒண்ணு பண்ணலாம்.” மேனேஜர் பெட்டியைப் பிரித்து, யார் கையும் படாத புதுக் கிளாஸ் ஒன்றை எடுத்தார். போன வாரம் அந்தம்மா கழுவியதில், விசாரணைக்கென்று தனியே எடுத்துப் பூட்டி வைத்திருந்த ட்ரேயிலிருந்து இன்னொன்று. இரண்டிலும் ஒரே குழாயில் பிடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு இடம் மாற்றி மாற்றி வைத்தார். “குடிச்சுப் பாருங்க. அந்தம்மா கழுவினது எது?”

“நம்மாளு சொல்லிடுவாருங்க” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். கிண்டலா விசுவாசமா என்று அவருக்கே நிச்சயமில்லை. “கழுவினது யாருன்னே சொல்ற நாக்கு அது.”

ஜட்ஜ் திரும்பிக்கொள்ளவில்லை. அங்கேயே, அத்தனை பேர் முன்னால் தகட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார். தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். மேலுதடு உள்ளே போய், பத்து வயது கூடிய முகத்தோடு முதல் கிளாஸில் ஒரு வாய் குடித்தார். இரண்டாவதில் ஒரு வாய். மறுபடி முதலாவது. கண்ணை மூடவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. இரண்டிலும் நுரை ஒரே உயரத்தில் நின்றது.

வாயைத் திறந்தார். பல் இல்லாத இடத்தில் காற்றுதான் வந்தது.

“என்ன சார்?” என்றார் மேனேஜர், இன்னும் கொஞ்சம் குனிந்து.

ஜட்ஜ் இரண்டு கிளாஸையும் கவுண்டரில் வைத்தார். அதற்குள் துணியோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தவளின் முகத்தை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார்.

“தெரியலை அண்ணி” என்றார்.