மாதுளம்பழம் கொடுத்தார்கள், நாற்காலி கொடுக்கவில்லை

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. காலையில் ஏனாத்தூரில் பஸ் ஏறும்போது சரியாக இருக்கும் இடது செருப்பு, மாலையில் காலில் நுழையாது. விரலால் அழுத்தினால் கணுக்காலில் குழி விழும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பதினோரு வருடமாக விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு மெத்தை நாற்காலிகள் உண்டு. ஆளே இல்லாத நேரத்திலும் நாங்கள் ஆறு பெண்களும் அதில் உட்காரக் கூடாது. எங்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று சட்டம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

கால் வீங்குகிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

"ரத்த ஓட்டம் சரியில்லமா. பழம் சாப்பிடு" என்றார்.

அடுத்த வாரம் ஆளுக்கு இரண்டு மாதுளம்பழமும் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள். பழச்சத்து ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. பழத்தைக் கையில் பிடித்தபடி எங்களை நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.

மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டேன். மாதுளை, ஆரஞ்சு, கொய்யா. வீக்கம் முழங்காலுக்கு ஏறியது.

ஆவணியில் ஒரு மதியம், கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தபோது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. தொட்டால் சுட்டது. பக்கத்தில் நின்ற கஸ்தூரி பார்த்துவிட்டாள்.

"அக்கா, கால் செவந்துக்கினு வருது. கெளம்பு மொதல்ல" என்று ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் ஓடுவதை ஒலி அலைகளால் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். ஆழ்சிரை ரத்த உறைவு (காலின் உள்ளே இருக்கும் பெரிய சிரையில் ரத்தம் கட்டிக்கொள்வது) என்றார் டாக்டரம்மா. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

"தினமும் பழம் சாப்பிட்டேனே டாக்டர்?" அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"பழம் நல்லதுதாம்மா, விடாதீங்க. அதுல இருக்கிற சத்துங்க ரத்தக் குழாய்க்கு உதவலாம். ஆனா கால்ல இருக்கிற ரத்தம் மேல ஏறணும்னா கெண்டைச்சதை அசையணும். ஒரே எடத்துல பத்து மணி நேரம் நின்னா பழம் என்ன பண்ணும்? கட்டின ரத்தத்தை அது கரைக்காது."

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதினார். தன்னைக் கேட்காமல் புதிதாக எந்தச் சாறும் கஷாயமும் கூடாது என்றார். இதைப் படிக்கும் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் பழக்கடைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். கையில் இடையிடையே உட்கார வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டு, தோளில் வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூல். கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "கஸ்டமர் வர்ற நேரத்துல இப்படி உட்கார்ந்துக்கினு இருந்தா நல்லாவா இருக்குது?"

"நான் செத்துப்போயிருந்தா நல்லா இருந்திருக்குமா சார்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வீட்டில் படுத்திருந்த நாட்களில் தெரிந்துகொண்ட இருக்கைச் சட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் சீட்டைப் படித்தார். அதை எடுத்துக்கொண்டு மாடியில் இருக்கும் நிர்வாக அறைக்குப் போனார்.

மறுநாள் கஸ்தூரியும் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தாள். பத்து நாளில் நிர்வாகமே நான்கு வாங்கிப் போட்டது. ஆறு பேருக்கு நான்கு. மீதி இரண்டை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன மாத்திரைக் காலம் முடிந்துவிட்டது. கால் பழையபடி ஆகவில்லை. படுக்கையை விட்டு எழும் முன்பே, ரத்தம் தேங்காமலிருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த இறுக்கமான காலுறையை மாட்டிக்கொள்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். முன்பெல்லாம் ஒரு நாள் எப்படிப் போனது என்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு மணி நேரமும் கணுக்காலிலிருந்து மேலே ஏறுவது தெரிகிறது. மூன்று மணி வாக்கில் இடது கால் கனக்கும். உட்கார்ந்துகொள்கிறேன். யாரையும் கேட்பதில்லை.