இரண்டு சட்டங்களுக்கு நடுவில் என் தங்கை

என் தங்கை இறந்த நான்காம் நாள் அவள் புருஷன் பிரான்சுக்கு விமானம் ஏறினான். அதற்கு அடுத்த வாரம்தான் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. மாடிப்படியில் கால் தவறி விழுந்தாள் என்று அவன் வீட்டார் சொன்னதை நம்பித்தான் நாங்கள் அதுவரை அழுதிருந்தோம். அறிக்கையில், கழுத்தில் விரல் அழுந்திய தடங்கள் இருப்பதாகவும், மூச்சடைத்து உயிர் போன பிறகே தலையில் அடிபட்டதாகவும் எழுதியிருந்தது. நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தட்டச்சர். குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு அந்த வரிகளை நான்தான் வாசித்துச் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. காரைக்காலை ஒட்டிய நெரவியில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. எங்கள் பக்கத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. காரைக்காலில் இருந்த சம்பந்தி வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். சம்பந்தி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மகனும் அதே ராணுவத்தில் இருந்தான். விடுப்பில் வந்து தங்கையைக் கட்டிக்கொண்டு, காகிதம் தயாரானதும் அழைத்துக்கொள்கிறேன் என்று போனவன், இரண்டு வருஷம் கழித்து அடுத்த விடுப்புக்குத்தான் வந்தான்.

வந்த மறுநாளே தங்கை என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தாள். அவனுக்கு அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றும், பிரெஞ்சில் எழுதிய ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறான் என்றும் சொன்னாள்.

"பிரிஞ்சு போறதுக்கு எனக்குச் சம்மதம்னு இருக்காம் அக்கா. போட்டுக் குடுத்துட்டா விட்டுடுவேங்கறாரு."

"போடாதே. எதுக்கும் போடாதே" என்றேன் நான்.

அவள் போடவில்லை. எட்டாம் நாள் செத்துக் கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அறிக்கை வந்த அன்றே கொலை வழக்காக மாற்றி எழுதினார். கோர்ட்டில் பிடிவாரண்டும் வாங்கினார். ஆனால் அதை யாரிடம் கொடுப்பது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"நாகப்பட்டினத்துக்கு ஓடியிருந்தான்னா சாயங்காலத்துக்குள்ள இழுத்துட்டு வந்துடுவேம்மா. அது வேற மாநிலம்தான், ஆனா சட்டம் ஒண்ணு. இவன் போயிருக்கறது வேற நாடு. அந்த நாடு அவனோட நாடு."

அதன் பிறகு நான் போகாத அலுவலகம் இல்லை. பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்த தமிழர் ஒருவரைப் பார்த்தேன். வயதானவர், பொறுமையாகப் பேசினார். பிரான்ஸ் தன் குடிமகனை வேறு எந்த நாட்டிடமும் ஒப்படைக்காது, குற்றவாளிகளை மாற்றிக்கொள்ள இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தமும் இல்லை என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதைப் பார்த்துவிட்டோ என்னவோ, ஒரு வழி இருக்கிறது என்றார். தன் குடிமகன் எந்த ஊரில் கொலை செய்திருந்தாலும் அவனைத் தன் கோர்ட்டிலேயே நிறுத்த பிரெஞ்சுச் சட்டத்தில் இடம் உண்டு. இந்திய அரசாங்கம் வழக்குக் கட்டை அனுப்பி, நீங்களே விசாரியுங்கள் என்று கேட்க வேண்டும்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு நம் அரசாங்கத்துப் பெரிய அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் முழுவதும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"செத்தது நம்ம பொண்ணு. நடந்தது நம்ம மண்ணுல. விசாரிக்க வேண்டியது நம்ம கோர்ட்டு. அதை அவங்ககிட்ட தூக்கிக் குடுத்துட்டு நியாயம் சொல்லுங்கன்னு நின்னா, நாம எதுக்கு அவங்களை அனுப்பி வெச்சோம்?"

வெளியே வந்ததும் அப்பா, அவர் சொல்வதில் தப்பில்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுத்தெருவில் நின்று அவரைப் பார்த்துக் கத்தினேன். கொடி யாருடையதாக இருந்தால் என்ன, கழுத்தை நெரித்தவன் கூண்டில் ஏற வேண்டாமா என்று கேட்டேன். அப்பா பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். அவரும் அந்த அதிகாரியும் நினைத்ததுபோல நம் கோர்ட்டு அவனுக்காகக் காத்திருந்தது. அவன்தான் வரவே வேண்டியதில்லாத இடத்தில் இருந்தான்.

இரண்டு வருஷம் மனுவாகத் தட்டச்சு செய்தேன். என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கூட வந்தார். பிறகு, போனவள் போய்விட்டாள், இருப்பவர்களைப் பார் என்றார்.

பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி காரைக்காலில் சொல்தாக்கள் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் கூடுவார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்து மாலை வைப்பார். அந்த வருஷம் நான் மனுவோடு போய் ஓரமாக நின்றேன். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த அப்பாவும் எனக்குப் பின்னால் வந்திருந்தார். முன் வரிசையில் சம்பந்தி நின்றார்.

மாலை வைத்து முடிந்ததும் நான் மனுவை நீட்டினேன். அதிகாரி புரியாமல் சுற்றிலும் பார்த்தார். அப்போது அப்பா என்னைத் தாண்டிப் போய், அந்த மனிதரின் காலில் விழுந்தார். வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக. அந்த நாட்டுக் காகிதமே வேண்டாம் என்று சொன்னவர். அதிகாரி பதறிப் பின்வாங்கினார். இரண்டு பேர் அப்பாவைத் தூக்கி நிறுத்தினார்கள். சம்பந்தி கடைசிவரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அவங்களே விசாரிக்கட்டும். நம்ம ஆளுங்களைக் கேஸ் கட்டை அனுப்பச் சொல்லு" என்றார் அப்பா, சட்டையில் மண்ணோடு.

அந்த விஷயம் ஊரெல்லாம் பரவியதாலோ, அந்தப் பெரிய அதிகாரி மாற்றலாகிப் போனதாலோ, கட்டு டெல்லிக்குப் போனது. ஒரு வருஷம் கழித்து, எல்லாவற்றையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர் ஒருவர் செய்து தர ஒத்துக்கொண்டார். சனி, ஞாயிறு மதியங்களில் அவர் கையால் எழுதித் தருவார், நான் தட்டச்சு செய்வேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். எழுத்துகளின் தலையில் வரும் கோடுகள் என் மிஷினில் இல்லாததால் பேனாவால் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

என்னுடைய வாக்குமூலம் வந்தபோது, இதில் தங்கை என்பது எந்த வார்த்தை என்று கேட்டேன். டீச்சர் விரல் வைத்துக் காட்டினார்.

"இது அக்காவுக்கும் அதே வார்த்தைதாம்மா. சின்னவள்னு தனியாச் சேர்த்து எழுதணும்."

"சேர்த்துடுங்க டீச்சர். அவ சின்னவ" என்றேன். அதற்குமேல் அன்று என்னால் ஒரு வரிகூடத் தட்ட முடியவில்லை.

கட்டு மறுபடி போனது. எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஞாபகக் கடிதம் போட்டால் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். எண்பதுகளும் பாதி ஆன பிறகு, ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பிரான்சிலிருந்து வந்த பதிலை டீச்சர்தான் வாசித்தார். நாலே வரி. குற்றம் நடந்து பத்து வருஷங்கள் கடந்துவிட்டன. அதற்குள் அங்கே எந்த நடவடிக்கையும் தொடங்கப்படவில்லை. ஆகவே தங்கள் சட்டப்படி இனி வழக்குத் தொடர இயலாது.

"நம்ம சட்டத்துல கொலைக்கு அப்படிக் கெடு இல்லையே?" என்று அப்பா இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இது புது இன்ஸ்பெக்டர்.

"இல்லைங்க ஐயா. வாரண்டு அப்படியேதான் இருக்கு. அவன் இங்க கால் வெச்சா பிடிச்சுடுவோம்."

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நான் அலுவலகத்துக்கு லீவு போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடாதே என்று நான் சொன்னதை அந்த இரண்டு நாளில்தான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமல், தெரியும், அவள் என்னிடமும் கேட்டாள், நானும் அதைத்தான் சொன்னேன் என்றார்.

மறு வருஷம் சம்பந்தி இறந்தார். அவன்தான் மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். வந்தாலும் வருவான் என்று நினைத்து அவர்கள் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் போய் நின்றேன். மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். மதியம்வரை உடலை வைத்திருந்தார்கள். அவன் வரவில்லை. இளையவனே கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஊர்வலம் போன பிறகு, தங்கையின் மாமியார் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். தெருவைத் தாண்டி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இப்பவாவது உனக்கு ஆறிச்சாம்மா?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் திரும்பித் தெருவைத் தாண்டினார். பிறகு உள்ளே போனார். நான் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் விட்டிருந்த தாளை மிஷினில் ஏற்றினேன்.