பெயர் போடாத ஆட்டக்காரருக்கு ஓர் அன்பளிப்பு

மூட்டு வலி வந்தால் மனிதர்கள் பக்தியில் இறங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் டேப் டான்ஸில் இறங்கினேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் நான். போன மழைக்காலத்தில் முழங்கால் வீங்கிப்போய், மாடி ஏறாதே, நடக்காதே, முடிந்தால் நிற்கவே நிற்காதே என்று மருத்துவர் என்னை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டார். காலை நீட்டிக்கொண்டு கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துண்டு வந்து விழுந்தது. ஒல்லியான ஒரு கறுப்பின மனிதர். கோட்டு, சூட்டு, ஷூவின் அடியில் இரும்புத் தகடு. அவர் தட்டத் தட்டத் தரை மத்தளமாகப் பேசியது. முகத்தில் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு பாவனை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. என் வீங்கிய கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு விடவில்லை. அமெரிக்காவில் பேசும் படம் வந்த புதிதில் கறுப்பின மக்கள் தங்களுக்காகத் தாங்களே எடுத்துக்கொண்ட பாட்டுப் படங்கள் அவை. பெரிய கம்பெனிப் படங்களில் அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் கதவு திறக்கிற வேலை, தட்டு ஏந்துகிற வேலை, பேயைப் பார்த்து முழியை உருட்டுகிற வேலை. சரிதான் போங்கள் என்று இவர்களே கையில் இருந்ததைப் போட்டுப் படம் பிடித்தார்கள். படப்பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தங்கள் ஆட்கள் வருகிற கொட்டகைகளில் காட்டினார்கள். அப்படிச் சொல்லிக்கொள்ளும் படங்களில் பலவற்றுக்கு வெள்ளைக்காரர்தான் முதல் போட்டார் என்பதும் தோண்டத் தோண்டத் தெரிந்தது. ஆனால் முதலும் மூளையும் இவர்களுடையதாகவே இருந்த படங்களும் உண்டு. நான் அவற்றைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

காசில்லாத குறை படம் முழுக்கத் தெரியும். ஒரே சோபா படத்துக்குப் படம் வரும். அதற்கு உறவுமுறை வைத்துக் கூப்பிடாததுதான் பாக்கி. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். வசனம் மறந்தால் மறந்தபடியே சமாளிப்பார்கள், திரும்ப எடுக்கப் பிலிம் ஏது? ஆனால் கதையின் நடுவில் ஏதாவது ஒரு சாக்கில் எல்லோரும் பாட்டுக் கிளப்புக்குள் நுழைந்துவிடுவார்கள். அப்புறம் கதையாவது ஒன்றாவது. கனத்த உடம்பும் கணீர்க் குரலுமாக ஓர் அம்மாள் வந்து நின்று பாடுவார். புருஷன் பெண்டாட்டியாக ஒரு ஜோடி சண்டை போட்டே வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும். கன்னத்தை உப்பிக்கொண்டு ஒருவர் ட்ரம்பெட் ஊதுவார். கிளப் முதலாளி அவர்கள் ஆள், மருத்துவர் அவர்கள் ஆள், துப்பறிகிறவர் அவர்கள் ஆள். எனக்கு ரொம்ப சந்தோஷம் தந்தது வில்லன்தான். கெட்டவனாக இருப்பதற்கும் ஒரு வாய்ப்பு வேண்டுமல்லவா!

ஒன்றே ஒன்று எரிச்சல். கதாநாயகி மட்டும் எப்போதும் வெளுத்த நிறம், கோமாளிகள் எல்லாம் கறுத்த நிறம். அவர்களே எடுத்த படத்திலும் அப்படித்தான். நம்மூர் மணமகள் தேவை விளம்பரத்தை அவர்களுக்கு யார் அனுப்பிவைத்தார்களோ என்று கைபேசியோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள். அவள் இருப்பது நன்னிலம் பக்கம் எங்கள் கிராமத்தில். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் தெருவில் பாதிப்பேர் லுத்தரன் சபை. சம்பா அறுவடை முடிந்ததும் அறுப்புப் பண்டிகை வரும். பகலில் ஆராதனை, பிறகு பூசணிக்காயும் சேவலும் ஏலம், சாயங்காலம் நெல் காயப்போடும் களத்தில் கலைநிகழ்ச்சி. இந்த வருஷம் அந்தக் கலைநிகழ்ச்சியில் தெருப் பெண்கள் சேர்ந்து பறை அடித்து ஆடப்போகிறார்கள். தலைமை அக்கா.

"அப்பாட்ட சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். நீ ஆடு, நான் தடுக்கல, ஆனா நான் வரமாட்டேன்ட்டாங்க." போனை வைக்கப்போனவள், "அப்பா முன்வரிசையில உக்காந்து பாக்கணும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள்.

அப்பா தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். நாங்கள் வளர்ந்த வீட்டில் கீர்த்தனை உண்டு, ஆர்மோனியம் உண்டு. பறையும் ஆட்டமும் மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால், "நாம ஆடுனது போதும்" என்பார். அவ்வளவுதான் பதில். மீதியை அம்மா சொல்லித்தான் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்து அப்பா ஊருக்கு வந்த சமயம் மிராசுதார் வீட்டில் கல்யாண ஊர்வலம். எங்கள் தாத்தா பறை அடித்துக்கொண்டு முன்னால் போக, புதுப் பேண்ட் சட்டையோடு ஓரமாக நின்ற அப்பாவைப் பார்த்து மிராசுதார், "படிச்சவன் எப்படி ஆடுறான்னு பாப்போம், ஆடுறா" என்றிருக்கிறார். அப்பா ஆடினார். தெருவிலேயே நல்ல ஆட்டக்காரர் அவர்தானாம். அன்றைக்குப் பிறகு ஆடவில்லை.

இருட்டில் வெளியே போனால் அப்பா டார்ச் இல்லாமல் போக மாட்டார், வரப்பில் பாம்பு கிடக்கும் என்று. எந்த வீட்டு விசேஷமானாலும் பறைச் சத்தம் கேட்டதும் அந்த டார்ச்சைக் கையில் எடுப்பார். எடுத்தார் என்றால் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

நான் ஒரு திட்டம் போட்டேன். பண்டிகையில் பேசச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு வேண்டாம், கொஞ்சம் படம் காட்டுகிறேன் என்றேன். சின்ன மகள் மேடை ஏறினால் அப்பா கட்டாயம் வருவார். படம் முடிந்த கையோடு பறை. மற்றது அவர் பாடு.

"எழுந்து போயிட்டாங்கன்னா?" என்றாள் அக்கா.

"போனா போறாங்க. அதுக்காக நீ நிறுத்தாத" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

பண்டிகை அன்று சாயங்காலம், இரண்டு எட்டுமுழ வேட்டிகளை டெய்லர் ஒட்டித் தைத்துக் கொடுக்க, களத்தின் ஓரத்தில் மூங்கில் நட்டுத் திரை கட்டினார்கள். கொள்முதலுக்குப் போகாத நெல் மூட்டைகள் மேல் பொடிசுகளும் இளவட்டங்களும் ஏறி உட்கார்ந்தார்கள். அப்பா முன்வரிசையில், மடியில் டார்ச்சோடு. பக்கத்தில் நான். கிளப்பும் பாட்டும் வில்லனும் வருகிற ஒரு பகுதியை வெட்டி வைத்திருந்தேன். எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஓடவிட்டேன்.

ஒல்லி மனிதர் வந்தார். கால் பேச ஆரம்பித்தது. களம் சலசலப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"யாரு சொல்லி ஆடுறாரு இவரு?"

"யாரும் சொல்லலப்பா. அவங்க ஆளுங்களே எடுத்த படம்."

"பாக்குறவங்க?"

"அவங்களும் அவங்க ஆளுங்கதான்."

"அந்த முதலாளி?"

"அவரும்தான்."

"போலீஸ்காரன் வர்றானே?"

"அவனும்தாம்பா."

அப்பா சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் பிடித்துவிட்டால் பார்க்கிறவர் எழுந்துபோய் ஆடுகிறவரின் உடுப்பில் ஒரு நோட்டை ஊக்கால் குத்திவிடுவார். மைக் வைத்திருப்பவர் உடனே, இன்ன கலைஞருக்கு இன்னார் அன்பளிப்பு என்று அறிவிக்க வேண்டும். நோட்டைவிட அறிவிப்புதான் முக்கியம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, எதிலும் பின்வாங்காத ஆள். ஒல்லி மனிதர் சுழன்று ஒரு தட்டு தட்டி நின்றதும் இவர் எழுந்து விடுவிடுவென்று போய்த் திரையில், அவருடைய கோட்டின் மேல் சரியாக ஒரு நோட்டைக் குத்திவிட்டார். மூட்டை மேலிருந்து ஒரே விசில். அண்ணனுக்கும் பெருமை தாங்கவில்லை, திரும்பிக் கும்பிட்டார். ஆனால் ஆட்டக்காரர் அங்கேயே நிற்பாரா? அவர் நகர்ந்துவிட்டார். நோட்டு நகரவில்லை. அடுத்த காட்சியில் அது பாட்டுக்கார அம்மாளின் நெற்றியில் இருந்தது, அதற்கடுத்து வில்லனின் மூக்கில்.

"அண்ணே, வில்லனுக்கு எதுக்குண்ணே அன்பளிப்பு?" என்று மூட்டை மேலிருந்து யாரோ கத்த, போதகர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மைக்காரர் தம்பி மட்டும் கடமையே கண்ணாக என்னிடம் ஓடிவந்தார். "அக்கா, டான்ஸ் ஆடுனவர் பேரு என்னக்கா? அறிவிக்கணும்."

"தெரியலப்பா. படத்துல போடல." உண்மையும் அதுதான். எழுத்து ஓடும்போது கதாநாயகன், நாயகி பெயர்கள் வரும். கிளப்பில் வந்து உயிரைக் கொடுத்து ஆடிவிட்டுப் போகிறவர்களில் பலருக்குப் பெயர் வராது. எங்கெங்கோ தேடிப் பார்த்தும் எனக்கு இவர் பெயர் கிடைக்கவில்லை.

தம்பி யோசித்துவிட்டு, "பேர் தெரியாத கலைஞருக்கு நமது அண்ணன் அவர்களின் அன்பளிப்பு" என்று அறிவித்தார்.

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "இவ்வளவு ஆடுனவருக்குப் பேரு போடலியா?" என்றார். என்னைத்தான் முறைத்தார், படம் எடுத்தவள் நான்தான் என்பது போல. "அவங்க ஆளுங்களே எடுத்த படம்னு சொன்ன?"

"ஆமாப்பா. அதுலயும் விட்டுட்டாங்க."

"தப்பும்மா" என்றார். பள்ளிக்கூடத்துக் குரல்.

படம் முடிந்தது. நோட்டைத் திரையிலேயே விட்டுவிட்டார்கள். திரைப் பக்கத்து விளக்கு மட்டும் வந்ததும் பின்பக்கமிருந்து முதல் அடி விழுந்தது. வைக்கோல் நெருப்பில் காய்ச்சி எடுத்த பறைக்கு ஒரு சத்தம் உண்டு, நெஞ்சுக்குள்ளேயே விழும். அக்காவும் பெண்களும் இரண்டு வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை, இடுப்பில் துண்டு. தலை நரைத்த அக்கா முன்னால். முதல் சுற்று ஆடும்போது அவள் கண் காலடியில் இல்லை, கூட்டத்திலும் இல்லை. அப்பாவின் மடியில் இருந்த டார்ச்சில் இருந்தது. என் கண்ணும் அங்கேதான்.

அப்பா டார்ச்சைக் கையில் எடுத்தார்.

எழுந்தார். அக்கா அடியை விடவில்லை, ஆனால் முகம் விழுந்துவிட்டது. நான்தான் சொன்னேனே போனால் போகட்டும் என்று. அந்த நிமிஷம் என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பா குனிந்து டார்ச்சை அடித்து என் கையைப் பார்த்தார். வளையலில் ஊக்கு கோத்து வைத்திருப்பது என் வழக்கம்.

"ஒரு ஊக்கு குடும்மா" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். டார்ச்சை நாற்காலியிலேயே போட்டுவிட்டு அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் நடந்தார். பெண்கள் அடியைக் குறைத்தார்கள், நிறுத்தவில்லை. அக்காவின் தோளில், சேலைத் தலைப்பில் அவர் நோட்டைக் குத்தினார். ஊசியோடே காலம் தள்ளியவள், ஊக்குக்குப் பயந்தவள் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்தது.

மைக்காரர் தம்பி ஓடிவந்தார். அப்பா அவர் அறிவிக்கக் காத்திருக்கவில்லை, மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். அக்காவின் பெயரைச் சொன்னார். தலைப்பெழுத்தோடு, வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி நிறுத்தி, தெளிவாக. ஓய்வுபெற்ற செவிலியர் என்றார், எங்கள் தெருப் பெயரைச் சொன்னார், என் மூத்த மகள் என்றார். அதோடு விடவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய் மைக்கை நீட்டிப் பெயரைச் சொல்லவைத்தார். ஒருத்தி வெட்கப்பட்டு முணுமுணுத்தாள். "சத்தமா சொல்லும்மா" என்று திரும்பச் சொல்லவைத்தார். பிறகுதான் ஆடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை எழுத எனக்குத் தெரியாது. கண் முழுக்கத் தண்ணீரும் வாய் முழுக்கச் சிரிப்புமாகக் கைதட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி எங்கே போனதோ.

அப்பா டார்ச் மேலேயே உட்கார்ந்திருந்தார், அதுகூடத் தெரியவில்லை அவருக்கு. கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னைப் பார்த்தார்.

"ஆடுறவங்க பேரைச் சொல்லிடணும்மா" என்றார். "சொல்லாம விட்டா, யாரோ ஆடச் சொல்லி ஆடுனதா ஆயிடும்."