கை செய்வதை வாய் சொல்லட்டும் என்ற கலியமூர்த்தி சார்

கலியமூர்த்தி சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஆறாம் வகுப்பு வருகைப்பதிவைச் செல்போனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினான்காவது பெயரில் போய் நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஆசிரியர் குழுவில் அவருடைய பழைய படம் ஒன்று வந்து விழுந்தது. கீழே ஒரே வரி. காலையில் நெஞ்சு வலி என்றாராம், பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். வேறென்ன போடுவதென்று யோசிக்கத் தெம்பில்லை. மறுபடி பதினான்காவது பெயருக்குத் திரும்பினேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் அழுகை வந்தது.

அவருடைய பதினாறாம் நாளன்று கொடுக்கப்போகும் சிறு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. முப்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதித் தோள்பட்டை தேய்ந்ததுதான் மிச்சம். ஆனாலும் அவரைத் தெரிந்த உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அது ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அறிவியல் ஆசிரியை. ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி. ஆங்கிலத்துக்கு ஆள் இல்லாத வருடத்தில், டீச்சர் நீங்க பாத்துக்குங்க என்று அந்தப் பாடத்தை என் தலையில் கட்டினார்கள். தமிழ் வழியில் படித்துவந்தவள் நான். நிகழ்காலத் தொடர் வாக்கியம் எப்படி அமையும் என்று விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முதலில் ஆம், இஸ், ஆர். பிறகு வினைச்சொல். அதன் வாலில் ஒரு இங். பிள்ளைகளையும் அப்படியே கத்த வைத்தேன். "ஐ யாம் ஈட்டிங், யூ ஆர் ஈட்டிங், ஹீ இஸ் ஈட்டிங்" என்று கூரை அதிரும். அந்த வருடம்தான் கலியமூர்த்தி சார், பெரிய வகுப்புகளின் ஆங்கிலத்துக்கு, எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்தார். எனக்கு ஐந்து வயது இளையவர். வந்த இரண்டாம் நாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"யாரு டீச்சர் சாப்புடுறாங்க? மணி பதினொண்ணுதானே ஆவுது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வந்ததும் வராததுமாக என்ன நக்கல் என்று நினைத்தேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பேச வைத்தது ஒரு பயிற்சி வகுப்பு. அரியலூரில் நடந்தது. பயிற்சி கொடுத்த பெண் ஒவ்வொருவராக எழுப்பி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் முறை வந்தது. விதி முழுதும் தெரிந்த நான், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதாக நினைத்து, எழுந்து நின்று "டீச்சர்" என்றேன். அறுபது பேர் சிரித்தார்கள். என் பிள்ளை வயதுள்ள ஒரு ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சார் மட்டும் சிரிக்கவில்லை, தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஒரே பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பின்னால் திரும்பினார்.

"இப்ப என்ன செஞ்சுட்டு இருக்கீங்க டீச்சர்?"

"பாத்தா தெரியல? பஸ்ல போயிட்டு இருக்கேன்."

"அதத்தான் கேட்டாங்க. சொல்லுங்க."

சொன்னேன். அடுத்து என்ன என்றார். உட்கார்ந்திருக்கிறேன். பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வேர்த்துக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சிமென்ட் லாரி ஒன்று எங்களை முந்திக்கொண்டிருக்கிறது. செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். தப்பாகச் சொன்னால் திருத்தாமல், தானும் அதையே செய்துகொண்டு சரியாக ஒருமுறை சொல்வார். ஜெயங்கொண்டம் வருவதற்குள் நாற்பது வாக்கியமாவது சொல்லியிருப்பேன். கண்டக்டர் வந்து, "ஐ யாம் ஸ்டாண்டிங் மட்டுந்தாங்க டீச்சர் நமக்கு, உக்காரவே வுட மாட்டேங்குறாங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நாற்பத்தெட்டு வயதில் என் வாயிலிருந்து ஒரு வேற்றுமொழி, மனப்பாடம் செய்யாமல், அன்றுதான் முதன்முதலாக வந்தது. வீட்டுக்குப் போய் அரிசி களையும்போதும் சொல்லிப் பார்த்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, யாருடன் பேசுகிறாய் என்று கேட்டார்.

அவருடைய முறை அவ்வளவுதான். "கை செய்யறத வாய் சொல்லணும் டீச்சர். கை நின்னா வாயும் நின்னுடணும். செய்யாதத சொன்னா அது பாடமில்ல, பொய்யி" என்பார். அவர் வகுப்பில் சும்மா வாயால் ஒப்பிக்க முடியாது. ஒருத்தி இன்னொருத்திக்குச் சடை பின்னிக்கொண்டே சொல்வாள். ஒருத்தி பூக்கட்டிக்கொண்டே சொல்வாள். பென்சில் சீவுகிறவன் சீவுவதை நிறுத்தினால் வாக்கியமும் பாதியில் நிற்கும், வகுப்பே ஓவென்று கத்தும். என் ஓய்வுப் பாடவேளையில் நான் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். கற்றுக்கொள்ளத்தான். ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று சொல்லி ஊசியும் நூலும் எடுத்துப்போனேன். ஆண்டிமடத்து வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. ஐந்து வருடத்தில் அது ஒரு கை அளவுக்கு வளர்ந்தது.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்தது.

எட்டாம் வகுப்பில் சங்கீதா என்று ஒரு பெண் இருந்தாள். தமிழிலேயே நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவள். ஆங்கிலப் பாடவேளையில் தலையைக் குனிந்தால் மணி அடித்துதான் நிமிர்வாள். சார் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டார்.

"ஒங் கைக்கு நல்லாத் தெரிஞ்ச வேல எதும்மா?"

"கொட்ட ஒடைக்கிறது சார்."

எங்கள் பக்கம் முழுக்க முந்திரித் தோப்பு. வறுத்த முந்திரிக்கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிப் பருப்பை உடையாமல் எடுப்பது பல வீடுகளில் பெண்கள் செய்கிற வேலை. சரியாகத் தட்டாவிட்டால் பருப்பு நொறுங்கும். ஓட்டின் எண்ணெய் பட்டால் விரல் கருத்து, தோல் உரியும். அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள்.

"அப்ப நாளைக்கு பத்து கொட்ட எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்துவந்தாள். கல், கட்டை, ஒரு காகிதத்தில் சாம்பல், எல்லாம் வந்தன. தட்டினாள். சொன்னாள். ஒரு அடி, ஒரு வாக்கியம். முதல் பருப்பு முழுசாக வந்து விழுந்தபோது அவள் குரல் கடைசி பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது. அப்புறம் பிள்ளைகள் ஆளுக்கொன்று கேட்டு வாங்கித் தட்டினார்கள். எனக்கும் ஆசை வந்தது. சங்கீதா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள், "டீச்சர், மூக்குப் பக்கமாத் தட்டுங்க." நான் சாம்பல் பூச மறந்துவிட்டேன். "ஐ யாம் பிரேக்கிங்" என்று சொல்லித் தட்டியதும் எண்ணெய் ஆள்காட்டி விரலில் தெறித்தது. எரிச்சல் தாங்காமல் எழுந்து குழாயடிக்கு ஓடினேன்.

நான் குழாயடியில் நின்ற அந்த ஐந்து நிமிடத்தில்தான் அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். நேராக எட்டாம் வகுப்புக்குள் போனார். பெண் குழந்தை ஒன்று வகுப்பில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறது, வாத்தியார் பக்கத்தில் நிற்கிறார். படம் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எடுத்தார். சார் என்ன விளக்கியும் எடுபடவில்லை. பிள்ளைகளை வைத்து வேலை வாங்கினார் என்று விசாரணை வந்தது. அவர் தன் பதிலில் என் பெயரைச் சொல்லவில்லை.

அருகில் இருந்த ஆசிரியர்கள் பார்த்ததை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்றார்கள். தலைமையாசிரியர் என்னை அழைத்துப் பேசினார்.

"வூட்டுக்காரருக்கு இடுப்பு ஆபரேசன் ஆயி படுத்திருக்காருன்னு சொன்னீங்க. நானும் அங்க இருந்தேன்னு எழுதினீங்கன்னா ஒங்களையும் எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க. பாத்துக்குங்க டீச்சர்."

அவர் மிரட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அன்று எனக்கு அவ்வளவு களைப்பு. காலையில் கணவரைத் தூக்கி உட்காரவைத்து, சோறாக்கி, பஸ் பிடித்து, ஏழு பாடவேளை நின்று, திரும்பப் போய் மறுபடி அவரைத் தூக்கவேண்டும். ஒரு தாளை எடுத்தேன். "அன்று அந்த வகுப்பில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது" என்று எழுதினேன். எழுதிய கையின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

சாரை அரும்பாவூர் பக்கம் மாற்றினார்கள். அவர் குடும்பம் ஜெயங்கொண்டத்தில். அங்கிருந்து அரியலூர், பெரம்பலூர் என்று பஸ் மாறி மாறிப் போகவேண்டும். கொஞ்ச நாள் தினமும் போய்வந்து பார்த்தார், முடியவில்லை. பிறகு அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வந்தார். சங்கீதா ஒருநாள் என்னிடம் வந்து, "சார் எப்ப வருவாரு டீச்சர்? கட்டைய வூட்டுக்கு எடுத்துட்டுப் போவாம இங்கயே வெச்சிருக்கேன்" என்றாள். வருவார் என்றேன். அந்தக் கட்டை அலமாரியில் கிடந்தது. அவள் ஆங்கிலப் பாடவேளையில் பழையபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

போன நான்கு வருடமும் சார் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். எடுத்ததும், நலமா என்றுகூடக் கேட்காமல், "இப்ப என்ன செஞ்சுட்டு இருக்கீங்க டீச்சர்?" என்பார். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்வேன். ஒருமுறை படுத்துக்கொண்டே, படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "கொரலே படுத்துக் கெடக்குதே" என்று சிரித்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இந்த மாதம் வேண்டாம், கணவருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த மாதம் வேண்டாம், பரீட்சை. இப்படியே தள்ளிப்போட்டேன். அவருக்குத் தெரியாது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

துக்கத்துக்கு ஜெயங்கொண்டம் போயிருந்தேன். கூட்டம் குறைந்த பிறகு அவர் மனைவி செண்பகம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதாங்க அந்த வெரலு?"

எனக்கு விளங்கவில்லை.

"வெசாரணப் பேப்பரெல்லாம் அவருக்கும் ஒரு காப்பி குடுத்தாங்கல்லங்க. ஒங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சாரு. அப்பறம் எங்கிட்ட சொன்னாரு, 'பாவம், டீச்சருக்கு வெரல்ல கட்டு போட்டிருந்துச்சு. தெரியாதுன்னு எழுதுறப்ப எவ்வளவு எரிஞ்சிருக்குமோ'ன்னு."

நான்கு வருடம். மாதம் ஒரு போன். எல்லாம் தெரிந்தே கேட்டிருக்கிறார். நான் சொல்வேன் என்று காத்திருந்து கேட்டாரா, நான் உயிரோடும் ஏதோ ஒரு வேலையோடும் இருக்கிறேனா என்று பார்க்கக் கேட்டாரா, இனி யாரிடம் கேட்பேன்? செண்பகத்திடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர்தான் எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. மாறுதல் எதுவும் இனி என்னை ஒன்றும் செய்யாது. அதனால் இதில் வீரம் ஏதுமில்லை, அது எனக்குத் தெரியும். சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு முடியாத ஸ்வெட்டர், சங்கீதாவின் கட்டை, ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் கை என்ன செய்கிறது என்று குனிந்து பார்க்கும் பழக்கம். இன்று ஞாயிற்றுக்கிழமை. போன் அடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். கை எழுதிக்கொண்டிருக்கிறது. வாயும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது, சத்தமாக, பக்கத்து அறையில் என் கணவருக்குக் கேட்கும்படி.

சார், நான் அந்த வகுப்பில் இருந்தேன். கொட்டையை நானும் உடைத்தேன்.